மேக்கும் விண்டோஸும் கலந்த அலுவலகத்தில் பேக்கப் மென்பொருளைப் புதுப்பித்து வைத்தல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலையில் மேக், விண்டோஸ் என இரண்டு வகைக் கணினிகளையும் வைத்துக்கொண்டு இயங்கும் சிறு அலுவலகங்கள் பல இருக்கின்றன. அச்சகத்தில் திருமண அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலியும் மேக் கணினியில் வடிவமைக்கப்படுகின்றன. அதே அச்சகத்தின் கணக்கும் பற்றுச்சீட்டும் விண்டோஸ் கணினியில் இருக்கின்றன. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் முன்மேசையில் விண்டோஸ் இருக்கும், உரிமையாளரின் கையில் மேக்புக் இருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே பேக்கப் மென்பொருளின் கீழ் கொண்டுவருவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மென்பொருளை இரண்டு பக்கத்திலும் பிந்திவிடாமல் வைத்திருப்பது தனி வேலை. அதை இன்னார்தான் செய்ய வேண்டும் என்று சொல்லப்படாத அலுவலகங்களில்தான் கோளாறு தொடங்குகிறது.

பேக்கப்பை இயக்கி, பிரதிகளை ஓரிடத்தில் சேர்க்கும் கணினியை இங்கே சர்வர் என்றும், மற்றக் கணினிகளில் நிறுவப்பட்டிருக்கும் சிறு நிரலைக் கிளையன்ட் என்றும் குறிப்பிடுகிறேன். பேக்கப் மென்பொருள் சும்மா இருக்கும்போது பழுதாவது அரிது. அதைச் சுற்றியுள்ள இயங்குதளம், ரவுட்டர், டிஸ்க் ஆகியவற்றில் ஒன்று மாறிவிட, கிளையன்ட் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதற்கேள்வி, இந்தக் கணினியில் கடைசியாக எது மாறியது என்பதுதான். சிவப்பு எழுத்தில் பிழை காட்டும் பேக்கப்பை யாராவது கவனிப்பார்கள். பச்சை அடையாளம் காட்டிக்கொண்டே பாதிக் கோப்புகளை விட்டுவிடும் பேக்கப்பை ஒருவரும் கவனிப்பதில்லை. நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான்.

தொடங்குமுன் ஒரு தாள்

ஒரு தாளை எடுத்து, கணினிக்கு ஒரு வரியாக எழுதுங்கள்: கணினியின் பெயர், இயங்குதளத்தின் பதிப்பு, கிளையன்ட்டின் பதிப்பு, கடைசியாக ஒரு கோப்பை மீட்டுப் பார்த்த திகதி. விண்டோஸில் "செட்டிங்ஸ்" திறந்து "சிஸ்டம்", அதன் அடியில் "அபவுட்" என்று சென்றால் பதிப்புத் தெரியும். மேக்கில் மேல் இடது மூலையிலுள்ள ஆப்பிள் அடையாளத்தை அழுத்தி "அபவுட் திஸ் மேக்" என்பதைத் திறக்க வேண்டும். இந்த விபரத்தைச் சர்வரிலேயே ஒரு கோப்பாக வைப்பதில் பயனில்லை, ஏனென்றால் சர்வர் எழும்பாத நாளில்தான் இது தேவைப்படும். தாளைச் சுவரில் ஒட்டுங்கள். ஆனால் பேக்கப்பின் குறியாக்கக் கடவுச்சொல்லை அதில் எழுதாமல், உறையிலிட்டுப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் மென்பொருள் கம்பனியாலும் பிரதிகளைத் திறந்துதர முடியாது.

அடுத்ததாக, எதையும் புதுப்பிக்குமுன் ஒரு மேக்கிலிருந்தும் ஒரு விண்டோஸ் கணினியிலிருந்தும் ஒவ்வொரு கோப்பைத் தெரிவுசெய்து, வேறொரு ஃபோல்டருக்குள் மீட்டு, திறந்து பாருங்கள். இன்று மீட்க முடியாத பேக்கப்பை நாளை புதுப்பித்தால், கோளாறு புதுப்பித்தலுக்கு முன்னரே இருந்ததா, பின்னர் வந்ததா என்பதைப் பிரித்தறிய வழியிருக்காது.

அறிகுறி: ஒரு பக்கத்தைப் புதுப்பித்த பின், பதிப்புப் பொருந்தவில்லை என்ற செய்தி வருகிறது, அல்லது கிளையன்ட் இணைய மறுக்கிறது

இதற்குப் பெரும்பாலும் புதுப்பித்த வரிசைதான் காரணம். புதிய சர்வர், தனக்கு முந்திய ஒன்றிரண்டு தலைமுறைக் கிளையன்ட்டுகளைப் புரிந்துகொள்ளும் வகையில்தான் வழக்கமாக எழுதப்படுகிறது. பழைய சர்வர், தனக்குப் பின் பிறந்த கிளையன்ட்டைப் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதலில் சர்வர், அடுத்து ஒரு மேக்கும் ஒரு விண்டோஸும் சோதனைக்காக, அவற்றில் ஓர் இரவுப் பேக்கப் முழுமையாக ஓடி ஒரு கோப்பு மீட்கப்பட்ட பிறகே மற்றவை என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். யாரோ ஒருவரின் மேக்கில் கிளையன்ட் தானாகப் புதுப்பித்துக்கொண்டு சர்வரை முந்திவிட்டதென்றால், அந்த மேக்கைப் பின்னோக்கி இழுப்பதைவிடச் சர்வரை முன்னே கொண்டுவருவதே நல்லது. பின்னர் கிளையன்ட்டின் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி, நீங்கள் சொல்லும் நாளில் மட்டும் நடக்குமாறு செய்யுங்கள்.

சர்வரைப் புதுப்பிக்குமுன் அதன் பட்டியற்கோப்பை, அதாவது எந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்பதைச் சர்வர் எழுதிவைக்கும் தரவுத்தளத்தை, தனியாக நகலெடுத்துவிடுங்கள். புதிய பதிப்பு முதற்தடவை திறக்கும்போது அதைப் புதிய அமைப்புக்கு மாற்றிவிடுவதுண்டு. அதன்பின் பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் அதனால் அதை வாசிக்க முடியாமற் போகலாம். உரிமத்தையும் அப்போதே பாருங்கள். 12.1 இலிருந்து 12.2 என்பது போன்ற சிறு மாற்றம் இலவசமாக இருக்கலாம், 12 இலிருந்து 13 என்பதற்குப் புதிய உரிமம் வாங்க வேண்டியிருக்கலாம். நிறுவிய பிறகு அதை அறிவதில் பயனில்லை.

அறிகுறி: மேக்கைப் புதுப்பித்த பின் பேக்கப் வெற்றி என்கிறது, ஆனால் அளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது

மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. 2018 இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவியிலிருந்து, அஞ்சல், மெசேஜஸ் போன்றவற்றின் தரவுகளைத் தொடுவதற்கு ஒரு நிரலுக்கு "ஃபுல் டிஸ்க் அக்செஸ்" என்னும் தனி அனுமதி தேவை. அடுத்த ஆண்டு வந்த கேட்டலினா, டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களையும் காவலுக்குள் கொண்டுவந்தது. அனுமதியில்லாத கிளையன்ட் இந்த இடங்களுக்குள் போக முடியாமல் திரும்பிவிடும். சில மென்பொருள்கள் அதைப் பிழையாகப் பதியும், சிலவோ அங்கே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். வடிவமைப்பாளர் நாள் முழுவதும் டெஸ்க்டாப்பில்தான் வேலைசெய்கிறார் என்றால், அவருடைய வேலையில் ஒரு கோப்புக்கூடப் பிரதியாகியிருக்காது.

முதலில் சர்வரில் அந்த மேக்கின் சென்ற மாதப் பேக்கப்பின் அளவையும் நேற்றையதன் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றங்களை மட்டும் எடுக்கும் பேக்கப்பில் ஒருநாள் அளவு எப்போதும் சிறிதுதான். ஆகையால் அளவை மட்டும் நம்பாமல், கோப்புப் பட்டியலைத் திறந்து, நேற்று மாலை அந்த மேக்கில் சேமித்த ஒரு கோப்பைப் பெயர் சொல்லித் தேடுங்கள். அது அங்கே இல்லையென்றால் மேக்கின் "சிஸ்டம் செட்டிங்ஸ்" திறந்து, "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", அதற்குள் "ஃபுல் டிஸ்க் அக்செஸ்" என்று செல்லுங்கள். பட்டியலில் கிளையன்ட்டின் பெயரும், அதன் எதிரே நீல நிறத்தில் சுவிட்சும் இருந்தாலும் அதோடு திருப்திப்படக் கூடாது. இந்த அனுமதி நிரலின் பெயருக்குத் தரப்படுவதன்று, அதன் டிஜிட்டல் கையொப்பத்தோடு சேர்த்துத் தரப்படுவது. புதிய பதிப்பில் நிரலின் அடையாளம் மாறியிருந்தால், பட்டியலில் இருப்பது பழைய நிரலுக்குத் தந்த அனுமதியாக இருக்கலாம். அந்த வரியைத் தெரிவுசெய்து கழித்தல் குறியால் நீக்கி, கூட்டல் குறியால் புதிய நிரலைச் சேர்த்து, மேக்கை ஒருமுறை நிறுத்தி மீளத் தொடக்குங்கள்.

சர்வரிலிருந்து எல்லாக் கிளையன்ட்டுகளையும் ஒரே அழுத்தலில் புதுப்பிக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. விண்டோஸ் பக்கத்தில் அது பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மேக் பக்கத்தில் மேற்சொன்ன அனுமதியைத் தூரத்திலிருந்து வழங்க ஆப்பிள் இடம்கொடுப்பதில்லை; நிறுவனங்களுக்கான சாதன முகாமை ஏற்பாடு ஒன்றில் அந்த மேக் பதியப்பட்டிருந்தால் மட்டுமே அது முடியும். சிறு அலுவலகங்களில் அந்த ஏற்பாடு இருப்பதில்லை. ஆகவே மேக் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் போய் உட்காரத்தான் வேண்டும். அந்த நேரத்தைத் திட்டத்தில் முதலிலேயே சேர்த்துவிட்டால், மேக் கணினிகள் மட்டும் பின்தங்கிப்போகும் வழக்கம் நின்றுவிடும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். 2022 இல் வந்த வென்சுராவிலிருந்து, பின்னணியில் இயங்கும் நிரல்களுக்கு "லொகின் ஐட்டம்ஸ்" பகுதியில் தனிச் சுவிட்ச் இருக்கிறது. அறிமுகமில்லாத பெயர் ஒன்றைக் கண்ட பாவனையாளர் அதை நிறுத்திவைத்திருக்கலாம். 2024 இல் வந்த சிக்கோயாவிலிருந்து "லோக்கல் நெட்வொர்க்" என்ற அனுமதியும் சேர்ந்துகொண்டது. அனுமதி கேட்கும் சிறு பெட்டி திரையில் தோன்றியபோது அவசரத்தில் "டோண்ட் அலோவ்" அழுத்தப்பட்டிருந்தால், இணையம் நன்றாக ஓடும், கிளையன்ட்டுக்கு மட்டும் பக்கத்து மேசையிலுள்ள சர்வர் தெரியாது.

அறிகுறி: மேக்கில் கிளையன்ட் திறக்கவே இல்லை, அல்லது புதிய கிளையன்ட் பழைய கணினியில் நிறுவ மறுக்கிறது

கேட்டலினாவிலிருந்து 32 பிட் நிரல்கள் மேக்கில் ஓடுவதில்லை. பழைய கிளையன்ட்டுக்கு அங்கே வழியே இல்லை, புதியதைத்தான் நிறுவ வேண்டும். 2020 நவம்பரில் வந்த எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்குகளில், இன்டெல் சில்லுக்காக எழுதப்பட்ட கிளையன்ட் ரொசெட்டா என்ற இடைநிலை நிரலின் உதவியோடு ஓடும், ஆனால் அது நிலையான ஏற்பாடன்று. இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. எனவே கிளையன்ட் ஆப்பிள் சில்லுக்கென்றே எழுதப்பட்டதா என்பதை இப்போதே பாருங்கள்.

மறுபுறத்தில், புதிய கிளையன்ட்டை ஏற்காத பழைய கணினிகள் இருக்கும். விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. பேக்கப் மென்பொருள் கம்பனிகளும் காலப்போக்கில் அதைக் கைவிடும். அத்தகைய கணினிக்குப் பொருந்தும் கடைசிக் கிளையன்ட்டின் நிறுவற்கோப்பை இன்றே இறக்கிச் சேமித்துவிடுங்கள், பின்னர் அது கம்பனியின் தளத்திலிருந்து நீக்கப்படக்கூடும். சர்வர் அந்தக் கிளையன்ட்டை ஏற்காத நாள் வந்தால், பழைய மேக்கை, மேக்கோடே வரும் டைம் மெஷின் என்னும் பேக்கப் வசதியிலும் பழைய விண்டோஸைத் தனி டிஸ்க்கிலும் விட்டுவிட்டு, மற்றக் கணினிகளை முன்னே கொண்டுசெல்லுங்கள். ஒரு பழைய கணினிக்காக அலுவலகம் முழுவதையும் பழைய பதிப்பில் நிறுத்திவைப்பது சரியான முடிவன்று.

அறிகுறி: விண்டோஸில் ஸ்னாப்ஷொட் எடுக்க முடியவில்லை என்ற பிழை

கணக்கு மென்பொருள் தன் தரவுக் கோப்பை நாள் முழுவதும் திறந்தபடி வைத்திருக்கும். திறந்திருக்கும் கோப்பைச் சிதையாமல் பிரதியெடுக்க, விண்டோஸிலுள்ள வால்யூம் ஷேடோ கொப்பி என்னும் சேவை அந்தக் கணத்தின் நிலையை உறையவைத்துக் கொடுக்கிறது. அது தடுமாறினால் எந்தப் பேக்கப் மென்பொருளும் தடுமாறும். ஆகவே மென்பொருளைக் கழற்றி மாட்டுமுன், கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, "விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்" என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் கீழும் நிலை "ஸ்டேபிள்" என்றும், கடைசிப் பிழை "நோ எரர்" என்றும் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் கணினியை மீளத் தொடக்குவதே பெரும்பாலும் போதும். அதன்பின்னும் பிழை நீங்காவிட்டால் சி டிரைவில் இடம் போதாமலிருக்கிறதா என்றும், முன்பு பாவித்துக் கைவிட்ட வேறொரு பேக்கப் மென்பொருள் இன்னும் நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய மென்பொருளுக்கு மாறிய அலுவலகங்களில் பழையதை அகற்ற மறந்துவிடுவது வழக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் ஸ்னாப்ஷொட் கேட்டால் ஒன்றையொன்று இடறிவிடும்.

அறிகுறி: புதுப்பித்தல் இறங்கவில்லை, அல்லது சான்றிதழ் பிழை வருகிறது

கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். அடிக்கடி மின்வெட்டுக்கு ஆளாகும் பழைய டெஸ்க்டாப்புகளில், மதர்போர்ட்டிலுள்ள சிஆர்2032 நாணய பற்றரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்கள் திகதியைப் பார்த்தே ஏற்கப்படுகின்றன; திகதி பிழையென்றால் இணைப்பும் கிடைக்காது. பற்றரியை மாற்றி, நேர வலயத்தையும் சரிபாருங்கள். இலங்கை நேரத்தை விண்டோஸ் "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்ற பெயரிலும் மேக் "கொழும்பு" என்ற பெயரிலும் காட்டும். இரண்டும் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே இருப்பவைதான், அதில் குழம்ப வேண்டியதில்லை.

கடிகாரம் சரியாக இருந்தும் பழைய மேக்கில் மட்டும் பிழை வருமானால், அந்த இயங்குதளத்திலுள்ள வேர்ச் சான்றிதழ்கள், அதாவது மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானவை, காலாவதியாகியிருக்கலாம். 2021 செப்டெம்பர் 30 அன்று, பல இணையத்தளங்கள் தங்கியிருந்த ஒரு வேர்ச் சான்றிதழ் முடிவடைந்தபோது, எல் கேப்பிட்டனிலும் அதற்கு முந்திய பதிப்புகளிலும் இருந்த மேக்குகளுக்கு அப்படித்தான் ஆயிற்று.

இணையம் மெதுவாக உள்ள இடங்களில் ஒவ்வொரு கணினியும் தனித்தனியே நூற்றுக்கணக்கான மெகாபைட் இறக்கத் தேவையில்லை. ஒரு கணினியில் இரவில் இறக்கி, பென் டிரைவில் மற்றவற்றுக்குக் கொண்டுசெல்லலாம். நிறுவற்கோப்பை மென்பொருள் கம்பனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விண்டோஸில் கோப்பின் "புரொப்பர்ட்டீஸ்" திறந்து "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" பகுதியில் அந்தக் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே நிறுவுங்கள். பேக்கப் கிளையன்ட் அலுவலகத்தின் ஒவ்வொரு கோப்பையும் வாசிக்க வல்லது. போலியான ஒன்றுக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிடக் கூடாது.

அறிகுறி: நேற்றுத் தெரிந்த கணினி இன்று சர்வருக்குத் தெரியவில்லை

விண்டோஸில் ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பின், அல்லது ரவுட்டரை மாற்றிய பின், அலுவலக வலையமைப்பு "பப்ளிக்" என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், ஃபயர்வால் உள்வரும் இணைப்புகளை மறிக்கும். அதை "பிரைவேட்" ஆக்குங்கள். ஃபயர்வாலில் மென்பொருளுக்குரிய போர்ட் இலக்கம் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உதாரணமாக, இரு இயங்குதளங்களிலும் நெடுங்காலமாகப் பாவிக்கப்படும் ரெட்ரோஸ்பெக்ட் என்னும் பேக்கப் மென்பொருள் 497 ஆம் இலக்கத்தைப் பாவிக்கிறது. ஃபயர்வாலை முழுதாக நிறுத்திவைத்து "இப்போது வேலைசெய்கிறது" என்று விட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். கோளாறு எங்கே என்று அறிய இரண்டு நிமிடம் நிறுத்தலாம், பிறகு உரிய விதியை எழுதி மீண்டும் இயக்கிவிட வேண்டும்.

மேக்கில் இன்னொரு காரணம் உண்டு. ரவுட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் நிலையான முகவரி ஒதுக்கியிருப்பீர்கள். அந்த ஒதுக்கீடு வைஃபை அட்டையின் வன்பொருள் முகவரியை வைத்து நடக்கிறது. சிக்கோயாவிலிருந்து மேக்கும் தனிப்பட்ட வைஃபை முகவரி ஒன்றை உருவாக்கிப் பாவிக்கலாம் என்பதால், ரவுட்டருக்கு அது புதிய கணினியாகத் தோன்றும். அலுவலக வைஃபைக்கு மட்டும் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" என்பதை நிறுத்துங்கள். முடிந்தால் மேசையை விட்டு நகராத மேக்குகளைக் கேபிளில் இணையுங்கள்.

அறிகுறி: அப்டேட்டுக்குப் பின் நாஸ் பெட்டியின் (வலையமைப்பில் இணைத்துப் பகிரும் டிஸ்க்குப் பெட்டியின்) ஃபோல்டர் திறக்கவில்லை

2017 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பிலிருந்து, எஸ்எம்பி என்னும் கோப்புப் பகிர்வு முறையின் முதலாம் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை, அல்லது பாவிக்கப்படாவிட்டால் தானாக அகற்றப்படுகிறது. அதை மட்டுமே பேசத் தெரிந்த பழைய நாஸ் அத்தகைய கணினிகளில் விடுபட்டுவிடும். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு மேலும் ஒரு படி சென்று, தொழில்முறைப் பதிப்புகளில் எஸ்எம்பி கையொப்பத்தைக் கட்டாயமாக்கியதுடன், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் மறுக்கிறது. பல சிறு அலுவலகங்களில் நாஸ் ஃபோல்டர் கடவுச்சொல் இல்லாமலே திறந்துவைக்கப்பட்டிருப்பதால், ஒரே அப்டேட்டில் பேக்கப் நின்றுபோகும். நாஸின் உள்மென்பொருளைப் புதுப்பித்து, பேக்கப்புக்கென ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி, அதைச் சர்வரில் பதியுங்கள். விண்டோஸின் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் குறுக்குவழிகள் கிடைக்கின்றன. கப்பம் கேட்கும் வைரஸ்கள் முதலில் தேடுவது இப்படித் திறந்து கிடக்கும் பேக்கப் ஃபோல்டர்களைத்தான் என்பதால் அந்த வழியில் போகாதீர்கள்.

அறிகுறி: தமிழ்ப் பெயருள்ள ஒரே கோப்பு பட்டியலில் இரண்டுமுறை தெரிகிறது, அல்லது இருந்தும் இல்லை என்கிறது

இது நம்மிடத்தில் அடிக்கடி வரும், ஆங்கில உதவிப் பக்கங்களில் இதற்கு விளக்கம் கிடைப்பது அரிது. "திருகோணமலை கணக்கு" என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தீர்கள் என்று கொள்ளுங்கள். அதிலுள்ள "கோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று, ககரத்துடன் இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், யூனிகோட் விதிப்படியும் அவை சமமானவை. ஆனால் மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. புதிய ஏபிஎஃப்எஸ் தட்டச்சிட்டபடி வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கொள்கிறது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் வரும் எந்தப் பெயருக்கும் இது பொருந்தும். ஆகவே பழைய மேக்கிலிருந்து விண்டோஸ் சர்வருக்கு வந்த பிரதியும், புதிய மேக்கிலிருந்து வந்த பிரதியும் இரண்டு கோப்புகளாக நிற்கின்றன.

இரண்டில் ஒன்றை உடனே அழித்துவிடாதீர்கள். இரண்டையும் திறந்து, திருத்திய திகதியையும் அளவையும் ஒப்பிட்டு, எது பிந்தியது என்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு சர்வரையும் கிளையன்ட்டையும் தற்போதைய பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். பழைய பதிப்புகளே இவ்விடயத்தில் அதிகம் தவறுகின்றன. புதுப்பித்த பின் ஓடும் முதற்பேக்கப்பில் இத்தகைய கோப்புகள் எல்லாம் புதியவையாகக் கணக்கிடப்பட்டு அளவு பெருகலாம், அதைக் கோளாறாக எண்ணி இடையில் நிறுத்த வேண்டாம்.

பெயர்களோடு தொடர்புடைய இன்னொன்று: மேக்கின் ஃபைண்டரில் "12/05 அழைப்பிதழ்" என்று சாய்கோடு இட்டுப் பெயரிடலாம், விண்டோஸ் அதை ஏற்காது. மீட்கும்போது அந்தக் கோப்பு வேறு பெயரில் வரும், அல்லது தவிர்க்கப்படும். திகதியை 2025-05-12 என்ற வடிவில் எழுதுவதை அலுவலக வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மீட்ட கோப்பு திறக்கிறது, ஆனால் எழுத்துகள் குழம்பியிருக்கின்றன

கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, எழுத்துரு மட்டும் வரவில்லை. நம்முடைய அச்சகங்களில் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அமைத்த வேலைகள் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். இறந்தவரின் ஓராண்டு நினைவஞ்சலிக்காகச் சென்ற ஆண்டுக் கோப்பைத் தேடி மீட்கும் ஒருவர், குடும்பத்தார் எதிரே காத்திருக்கும் நேரத்தில் இதைக் காண்பது மிகவும் சங்கடமானது. மேக்கில் பாவனையாளரின் "லைப்ரரி" ஃபோல்டருக்குள் "ஃபொன்ட்ஸ்" இருக்கிறது. விண்டோஸ் 10 இன் பிந்திய பதிப்புகளிலிருந்து, நிர்வாகி உரிமையின்றி நிறுவும் எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போகாமல், பாவனையாளரின் மறைந்திருக்கும் "ஆப்டேட்டா" ஃபோல்டருக்குள் போகின்றன. இடத்தை மிச்சம் பிடிக்கப் பேக்கப்பிலிருந்து பலர் விலக்குவது இதே ஃபோல்டரைத்தான். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது விலக்கற் பட்டியல் பழைய நிலைக்கோ புதிய இயல்புநிலைக்கோ மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு பெரிய புதுப்பித்தலுக்குப் பின்னும் அந்தப் பட்டியலை வரிவரியாக வாசியுங்கள்.

அறிகுறி: வெளி டிஸ்க்கை ஃபோர்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது

இல்லை என்று அழுத்திவிட்டு, டிஸ்க்கைக் கழற்றுங்கள். 2020 இல் வந்த பிக் சர் முதல், டைம் மெஷின் புதிய டிஸ்க்குகளை ஏபிஎஃப்எஸ் முறையில் அமைக்கிறது. விண்டோஸால் அதை வாசிக்க முடியாததால் வெற்று டிஸ்க் என்று கருதிக் கேட்கிறது. ஆம் என்று அழுத்தினால் மேக்கின் பேக்கப் முழுவதும் போய்விடும். மறுதிசையில், மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை வாசிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது. இரண்டுக்கும் தனித்தனி டிஸ்க் வாங்கி, மேலே பெரிய எழுத்தில் பெயர் ஒட்டுவதே என் பரிந்துரை.

டிஸ்க் பேக்கப்பின் இடையில் துண்டிக்கப்பட்டால், மென்பொருளைக் குறைசொல்லுமுன் கேபிளின் முனையைப் பாருங்கள். கடற்கரைக்கு அருகிலுள்ள அறைகளில் உப்புக் காற்று யூஎஸ்பி முனைகளில் பச்சையாகப் பிடித்துவிடும். வேறு கேபிளும் வேறு போர்ட்டும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது பிரதியை அதே கட்டடத்தில் வைக்காமல், உவர்மலை போன்ற மேட்டுப் பகுதியிலுள்ள வீடொன்றில் வையுங்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்த ஊரில் இதற்குமேல் காரணம் சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: புதுப்பிக்கும்போது மின்சாரம் போய்விட்டது, இப்போது கிளையன்ட் ஓடவுமில்லை, அகலவுமில்லை

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இது நடக்கக்கூடியது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை அந்த மாதங்களில் புதுப்பிப்பதைத் தள்ளிப்போடுங்கள், அல்லது யூபிஎஸ்ஸை இடம்மாற்றி வைத்துச் செய்யுங்கள். பாதியில் நின்ற நிறுவலின் மேல் மீண்டும் நிறுவிப் பாருங்கள். அது முடியாவிட்டால் கம்பனி தரும் அகற்றும் நிரலால் முழுதாக அகற்றி, கணினியை மீளத் தொடக்கி, புதிதாக நிறுவுங்கள். அகற்றும்போது அமைப்புகளையும் சாவிகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். மீள நிறுவிய கணினியைச் சர்வர் புதிய கணினியாகக் கருதி மற்றொரு வரியில் சேர்த்திருக்கிறதா என்று பார்த்து, பழைய வரியோடு இணையுங்கள். இணைக்காவிட்டால் பழைய வரியில் நாள்தோறும் தோல்வி என்று வரும், புதிய வரிக்கு நேர அட்டவணையே இருக்காது.

மேற்சொன்ன எதிலும் அடங்காதபோது

மென்பொருள் கம்பனிக்கு எழுதுங்கள். பேக்கப் வேலைசெய்யவில்லை என்று மட்டும் எழுதினால் அவர்கள் திரும்பக் கேட்கும் கேள்விகளிலேயே நாட்கள் போய்விடும். சுவரிலுள்ள தாளின் படம், சர்வரின் லொக் (நடந்தவற்றைப் பதிந்துவைக்கும் கோப்பு), குறித்த கிளையன்ட்டின் லொக், பிழை வந்த சரியான நேரம், அதற்கு முன்னர் கடைசியாக மாறியது எது என்ற ஒரு வரி ஆகிய ஐந்தையும் முதற்கடிதத்திலேயே அனுப்புங்கள். லொக் கோப்புகளில் வாடிக்கையாளர்களின் பெயர்கள் கோப்புப் பெயர்களாக இருக்கும். அனுப்புமுன் அவற்றை மறைத்துவிடுங்கள். பதில் வரும்வரை, ஒவ்வொரு மாலையும் அன்றைய வேலை ஃபோல்டரையும் கணக்குத் தரவையும் கையால் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் பொறுப்பை அலுவலகத்தில் ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.